பார்சிலோனாவில் முன் இடது டயர் பாதியிலேயே போய்விடுகிறது: செட்டப்பா, ஓட்டும் விதமா?

இரவுலேப்

வணக்கம். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற கார்ப் பந்தய சிமுலேட்டரில் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடி3 பந்தயக் கார் ஓட்டுகிறேன். லீக்கில் அடுத்து பார்சிலோனா. ஒரு மணி நேரம், பிட் நிறுத்தம் கிடையாது, ஒரே டேங்க், ஒரே செட் டயர்.

தொடக்க லேப்கள் நன்றாகவே போகின்றன, 1:45 பக்கத்தில் நிற்கிறேன். அரை மணி நேரம் தாண்டியதும் மூன்றாம் வளைவில் மூக்கு வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. எவ்வளவு திருப்பினாலும் கார் கேட்பதில்லை. முன் இடது டயர் 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது, பிரஷர் 27.5 பிஎஸ்ஐக்கு ஏறிவிடுகிறது. மற்ற மூன்றும் 26.5 பக்கத்தில் ஒழுங்காக இருக்கின்றன. கடைசிப் பத்து நிமிடம் 1:47தான் வருகிறது, பின்னால் வருகிறவரைத் தடுக்கவே முடிவதில்லை.

குளிர் பிரஷரை (ஓட்டத் தொடங்கும் முன் டயரில் வைக்கிற காற்றழுத்தம்) குறைத்துப் பார்த்தேன். பிரச்சினை கொஞ்சம் தள்ளிப்போகிறதே தவிரத் தீரவில்லை. என்ன மாற்றலாம்?

கேம்பர்குமார்

கொஞ்சம் விவரம் வேண்டும் ப்ரோ. பாதி ஸ்டின்ட்டில் (ஒரே டயரில் தொடர்ந்து ஓட்டுகிற நேரத்தில்) பிட்டுக்குள் வந்து நின்று, செட்டப் திரையின் டயர் பக்கத்தில் முன் இடதின் உள், நடு, வெளி வெப்பநிலை மூன்றையும் பாருங்கள். முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் கோணம்), டோ (சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் தண்டு), டிஃப் ப்ரீலோட் (பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைக்கும் இறுக்கம்) என்ன வைத்திருக்கிறீர்கள்? டிராக் வெப்பநிலை எவ்வளவு?

இரவுலேப்

உள் 96, நடு 99, வெளி 104. கேம்பர் மைனஸ் 3.2. டோ கொஞ்சம் வெளிப்பக்கம். பார், ப்ரீலோட், பிரேக் பயஸ் (பிரேக் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற விகிதம்) மூன்றும் விளையாட்டோடு வரும் அக்ரஸிவ் செட்டப்பில் வந்தபடியே இருக்கின்றன. டிராக் 38 டிகிரி.

கேம்பர்குமார்

வெளி விளிம்பு உள்விளிம்பைவிட 8 டிகிரி சூடு. அங்கேயே பாதி விஷயம் தெரிகிறது. ஸ்லிக் (பள்ளக்கோடு இல்லாத பந்தய) டயரில் உள்விளிம்புதான் சில டிகிரி கூடுதலாக இருக்கவேண்டும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. வளைவில் கார் சாயும்போது டயர் வெளித்தோளில் உருள்கிறது, முழு அகலமும் தரையைப் பிடிக்கவில்லை.

முதலில் முன் இடது கேம்பரை மைனஸ் 3.7 வரை கொண்டு போங்கள். பார்சிலோனா வலச்சுற்று, நீளமான வளைவுகளில் பெரும்பாலானவை வலப்பக்கம், அதனால் இடது டயர்தான் சுமை சுமக்கிறது. வலதை அதே அளவுக்கு இறக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அப்புறம் முன் ஆன்டி ரோல் பாரை ஒரு கிளிக் மென்மையாக்குங்கள். டயரின் மேல் சுமையை இரண்டு மடங்காக்கினால் பிடிப்பு இரண்டு மடங்காவதில்லை, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். முன் பார் கடினமாக இருந்தால், வளைவில் இடம் மாறுகிற சுமையில் பெரிய பங்கு முன் அச்சிலேயே நடக்கும். வெளி டயர் அளவுக்கு மீறிச் சுமக்கும், உள் டயர் சும்மா மேலே நிற்கும். இரண்டும் சேர்ந்து கொடுக்கிற மொத்தப் பிடிப்பு குறையும். பாரை மென்மையாக்கினால் அந்தப் பங்கில் கொஞ்சம் பின்னால் போகும், முன் டயர் மூச்சு விடும்.

டோவை நேருக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். வெளி டோ வைத்தால் காரின் முதல் திரும்பல் கூர்மையாக இருக்கும், அது உண்மை. ஆனால் நேர்பாதையிலும் இரண்டு முன் டயரும் லேசாகப் பக்கவாட்டில் உரசிக்கொண்டேதான் போகும். பார்சிலோனாவின் பிரதான நேர்பாதை ஒரு கிலோமீட்டருக்கு மேல். டயர் ஆற வேண்டிய இடம் அது.

பிரஷர் விஷயத்தில் இடமும் வலமும் ஒரே குளிர் அளவு வைக்காதீர்கள். முன் இடதை மட்டும் இன்னும் குறைவாக வைத்து, ஸ்டின்ட் நடுவில் நான்கும் 26க்கும் 27க்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் பிரஷர் 0.1 பிஎஸ்ஐ மாறும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். மதியம் பயிற்சி செய்துவிட்டு சாயங்காலப் பந்தயத்துக்கு அதே எண்ணைப் போட்டால் ஒத்து வராது.

தரவுக்காரன்

குமார் சொன்னதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். இது செட்டப் பிரச்சினையா என்றே இன்னும் நமக்குத் தெரியாது. முதல் பதிவில் தம்பி எழுதிய ஒரு வாக்கியத்தை மறுபடி படியுங்கள்: "எவ்வளவு திருப்பினாலும் கார் கேட்பதில்லை." கார் கேட்காதபோது இன்னும் திருப்புகிறார். டயர் அங்கேதான் செத்துப்போகிறது.

டயர் பார்க்கிற திசைக்கும் அது உண்மையில் நகர்கிற திசைக்கும் நடுவே ஒரு கோணம் இருக்கும், அதுதான் ஸ்லிப் ஆங்கிள். அந்தக் கோணம் கூடக் கூடப் பக்கவாட்டுப் பிடிப்பும் கூடும், ஆனால் ஒரு எல்லை வரைதான். ரேஸ் ஸ்லிக்கில் அந்த எல்லை சில டிகிரியிலேயே வந்துவிடும். அதற்கு மேல் திருப்பினால் பிடிப்பு கூடாது, மெல்லக் குறையும். ஆனால் ரப்பர் தரையில் சறுக்குகிற வேகம் ஏறிக்கொண்டே போகும். டயரில் உண்டாகிற சூடு, விசையும் சறுக்கு வேகமும் பெருக்கிய அளவு. பென்சில் கோட்டை அழிக்க ரப்பரை எவ்வளவு வேகமாகத் தேய்க்கிறோமோ அவ்வளவு தூள் உதிர்வது போலத்தான் இதுவும்.

அதன்பின் ஒரு சுழல் ஆரம்பிக்கும். சறுக்கினால் மேற்பரப்பு சூடாகும். சூடு உள்ளே போய்க் காற்றைச் சூடாக்கும், பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் தரையைத் தொடுகிற பரப்பு சுருங்கும், பிடிப்பு குறையும். பிடிப்பு குறைந்தால் நீங்கள் இன்னும் திருப்புவீர்கள், டயர் இன்னும் சறுக்கும். அரை மணி நேரத்துக்கு அப்புறம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து விழுவது இதனால்தான். குளிர் பிரஷரைக் குறைத்தபோது பிரச்சினை தள்ளிப்போனதே தவிரத் தீராததற்கும் இதுதான் காரணம்.

சோதிப்பது சுலபம். செட்டப் திரையில் டெலிமெட்ரி (கார் ஓடும்போது எடுக்கும் அளவுகள்) பதிவை இயக்குங்கள், மோடெக் என்ற ஆய்வு மென்பொருளுக்கான கோப்பு தானாகச் சேமிக்கப்படும். மோடெக் ஐ2வில் மூன்றாம் வளைவை மட்டும் பெரிதாக்கி, ஸ்டீயரிங் கோணத்தையும் பக்கவாட்டு ஜி (வளைவில் காரின் பக்கவாட்டு முடுக்கம்) கோட்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். ஸ்டீயரிங் கோடு ஏறும்போது ஜி கோடும் ஏறினால் டயர் வேலை செய்கிறது. ஸ்டீயரிங் ஏறிக்கொண்டே இருக்க, வேகம் மாறாமலே ஜி தட்டையாகக் கிடந்தாலோ இறங்கினாலோ, அந்த இடம் முழுக்க வெறும் தேய்மானம். ஐந்தாவது லேப்பையும் முப்பதாவது லேப்பையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள்.

கேம்பர்குமார்

சரி, கோட்டைப் பார்க்கட்டும். ஆனால் வெளி விளிம்பு 8 டிகிரி கூடுதலாக இருக்கும்போது "செட்டப் பிரச்சினையா என்று தெரியாது" என்பதை ஏற்க மாட்டேன்.

தரவுக்காரன்

அளவுக்கு மேல் திருப்பி வைத்த டயரும் வெளித்தோளில்தான் உருளும், குமார். அதே கேம்பரில் கோணத்தைக் குறைத்து ஓட்டினால் அந்த 8 எவ்வளவு ஆகிறது என்று முதலில் பார்ப்போம். மிச்சம் இருப்பதை கேம்பரால் சரி செய்யலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

நீள்சுற்று

நான் ஐரேசிங் என்ற இன்னொரு சிமுலேட்டரில் ஓவல் (நீள்வட்டத் தடம்) ஓட்டுகிறவன். எங்களுக்கு இது அன்றாடப் பாடு. இடப்பக்கம் மட்டுமே திரும்புவதால் எங்கள் தலைவலி முன் வலது டயர். அமெரிக்காவில் டார்லிங்டன் மாதிரிக் கரடுமுரடான தரையில், முதல் ஐந்து லேப்பில் முன்னால் பாய்ந்தவர்கள் இருபதாவது லேப்பில் பின்னால் வருவதை நிறையப் பார்க்கலாம்.

அங்கே டயரைக் காப்பாற்றுகிறவர் செய்வது ஒன்றுதான். ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரம் விடுகிறார், வளைவுக்குள் மெதுவாக நுழைகிறார், நடுவில் காரை உருள விடுகிறார். ஸ்டீயரிங் அதிகம் திரும்புவதே இல்லை. நுழையும்போது விட்ட நேரத்தை வெளியேறும்போது எடுத்துக்கொள்கிறார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 175 கிலோமீட்டரில் போக வேண்டிய வளைவில் 180இல் நுழைந்தால் வேகம் 3 சதவீதம்தான் கூடுதல். ஆனால் அதே வட்டத்தில் காரைப் பிடித்து வைக்க வேண்டிய விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதலாக வேண்டும். டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்துகிற காற்று விசை) கொஞ்சம் கை கொடுக்கும், முழுவதையும் ஈடுகட்டாது. ஏற்கெனவே எல்லையில் நிற்கிற டயரிடம் போய் இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்கிறோம்.

ஐரேசிங்கில் பிட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் எவ்வளவு ரப்பர் மிச்சம் என்று சதவீதத்தில் காட்டும். ஓவல் பழகுகிற யாருக்கும் நான் சொல்வது, லேப் நேரத்துக்கு முன்னால் அந்த எண்ணைப் பாருங்கள் என்பதுதான்.

பேட்விளையாட்டு

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் கிரான் டூரிஸ்மோ 7, கன்ட்ரோலரில்தான் விளையாடுகிறேன். டயர் தேய்மானப் பெருக்கம் (டயர் பல மடங்கு வேகமாகத் தேயும் அமைப்பு) அதிகமாக வைத்த பந்தயங்களில் சிவிக் டைப் ஆர் எடுத்தால் முன் டயர் இரண்டும் கரைந்துவிடுகின்றன, பின் டயர் புதுசாகவே இருக்கிறது. இதே ஆலோசனை எனக்கும் பொருந்துமா?

தரவுக்காரன்

பொருந்தும். உங்களுக்குக் கூடுதலாக இரண்டு விஷயம்.

சிவிக் முன்சக்கர இழுவை. திருப்புவது, பிரேக் சுமையில் பெரும்பங்கு, இழுப்பது மூன்றும் முன் டயரின் வேலை. ஒரு டயருக்கு மொத்தம் இவ்வளவுதான் பிடிப்பு என்று ஓர் எல்லை உண்டு, அதை இந்த மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போது முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் உள் டயர் சுழன்றே தேயும். ஸ்டிக்கை விடுகிற அளவுக்கு மட்டும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். ஸ்டிக் நேராகும்போதுதான் முழு அழுத்தம்.

இரண்டாவது, கன்ட்ரோலரில் ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளிப் பிடிக்கிற பழக்கம். பெரும்பாலான வளைவுகளுக்கு அவ்வளவு தேவையே இல்லை. பாதியில் நிறுத்திப் பாருங்கள், கார் அதே கோட்டில்தான் போகும். போகவில்லை என்றால் நுழைந்த வேகம் அதிகம்.

பின் டயர் புதுசாக இருப்பது உங்களுக்கு ஒரு சேமிப்பு. பிரேக் பேலன்ஸை ஒன்றிரண்டு புள்ளி பின்னால் தள்ளி அதையும் செலவழியுங்கள்.

பேட்விளையாட்டு

நன்றி அண்ணா. பாதி ஸ்டிக் விஷயத்தை இன்றைக்கே பார்க்கிறேன்.

இரவுலேப்

மோடெக் பார்த்துவிட்டேன். ஐந்தாவது லேப்பில் மூன்றாம் வளைவின் நடுவே ஸ்டீயரிங் 60 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது. முப்பதாவது லேப்பில் 85. ஜி கோடு ஐந்தாவது லேப்பைவிடக் கீழே கிடக்கிறது. அந்த ஒரு வளைவில் மட்டும் இல்லை, நான்காம் வளைவிலும் பன்னிரண்டிலும் இதே படம்.

இன்னொன்று கவனித்தேன். ஐந்தாவது லேப்பிலேயே, இரண்டாம் வளைவிலிருந்து முழு ஆக்ஸிலரேட்டரில் வந்து, மூன்றின் உள்ளே போன பிறகுதான் லேசாக விடுகிறேன். அந்த இடத்தில் ஸ்டீயரிங் ஒரு முறை மேலே குதித்து இறங்குகிறது.

பிட்லேன்பிரியா

அந்தக் குதிப்புதான் நான் பார்க்க நினைத்தது. லீக்கில் உங்கள் பின்னால் ஓட்டியிருக்கிறேன் தம்பி, வெளியிலிருந்தே தெரியும்.

மூன்றாம் வளைவு நீளமானது, மேட்டில் ஏறுவது. முழு ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்போது எடை பின்னால் போகும், முன் டயரின் மேல் சுமை குறையும். அந்த நேரத்தில் திருப்பினால் டயருக்குப் பிடிக்க எதுவும் இல்லை, சறுக்கும். அதனால் விடுவதை முன்னால் கொண்டு வாருங்கள். திருப்ப ஆரம்பிப்பதற்குச் சற்று முன்பே லேசாக விடுங்கள், மூக்கு கீழே உட்காரட்டும், பிறகு ஒரே சீராகத் திருப்புங்கள். கோணம் எங்கே நிற்கிறதோ அங்கேயே கையைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் திரும்பக் கொடுங்கள். கார் வெளியே போனால் கையைத் தொடாதீர்கள், காலைச் சற்று விடுங்கள். நீளமான வளைவில் காரின் கோட்டைக் காலால் திருத்த வேண்டும்.

இரண்டிலிருந்து வெளியே வரும் விதமும் முக்கியம். மூன்றின் உள்பக்கத்தைச் சீக்கிரமே தொட்டுவிட்டால் மிச்சத் தூரம் முழுக்க கார் வெளியே இழுக்கும், அதைத் தடுக்க நீங்கள் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள். கொஞ்சம் அகலமாக விட்டு, உள் விளிம்பைத் தாமதமாகத் தொடுங்கள்.

நான்காம் வளைவில் பிரேக் போட்டு நுழைகிறோம். அங்கே உங்கள் பிரச்சினை வேறு. பிரேக்கை முழுசாக அழுத்தியபடியே திருப்புகிறீர்கள், ஏபிஎஸ் கடகடவென்று அடிக்கிறது. ஏபிஎஸ், சக்கரம் லாக் ஆகி சுழலாமல் நிற்பதைத் தடுக்கும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் டயர் கொஞ்சம் சறுக்கத்தான் செய்கிறது. பிரேக்கின் பெரும்பகுதியை நேர்க்கோட்டில் முடித்துவிட்டு, ஸ்டீயரிங் ஏற ஏறப் பிரேக்கை இறக்குங்கள். கடைசி ஐந்து பத்து சதவீதம் ஏபெக்ஸ் (வளைவின் உள்விளிம்பைத் தொடும் இடம்) பக்கம் வரை இருக்கலாம், மூக்கைக் கீழே வைத்திருக்க அது உதவும். பயஸை ஓரிரு கிளிக் பின்னால் எடுத்தால் இந்த இடத்தில் கார் தானாகத் திரும்ப ஆரம்பிக்கும்.

ஒன்பதாம் வளைவு மேட்டுக்கு மேல் குருட்டு வளைவு. அங்கே டயரைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம், சரியான கோட்டில் ஒரே தடவை திருப்பினால் போதும். பன்னிரண்டும் நீளமான வலப்பக்கம், அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கிற எல்லோரும் அங்கே முன் இடதைக் கரைக்கிறார்கள். பொறுத்திருந்து கொடுங்கள்.

பந்தயத்துக்கு மட்டும் ஒன்று. முன்னால் போகிற காரின் பம்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மூன்றிலும் ஒன்பதிலும் போகாதீர்கள். அந்தக் கலங்கிய காற்றில் முன் டவுன்ஃபோர்ஸ் குறைந்துவிடும், சாதாரணமாகப் போகிற வேகத்திலேயே மூக்கு வெளியே தள்ளும். அரை கார் அகலம் பக்கவாட்டில் ஒதுங்கி ஓட்டுங்கள், அல்லது இரண்டு கார் நீளம் விட்டுவிட்டு நேர்பாதையில் பிடியுங்கள். பத்து லேப் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டினால், கடந்து போகும் நேரம் வரும்போது உங்களிடம் டயர் இருக்காது.

பழையரசிகர்

பிரியா சொன்ன பிரேக் விஷயத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஏபிஎஸ் இல்லாத கார் ஓட்டுகிறவர்களுக்கு முன் டயரைக் கெடுக்கிற இன்னொரு வழி, லாக் ஆகி ஓரிடம் தட்டையாகத் தேய்ந்துபோவது. 2005இல் பார்முலா 1இல் பந்தயம் முழுக்க ஒரே செட் டயர் என்று விதி இருந்தது. நியூர்பர்க்ரிங்கில் கிமி ரைக்கோனன் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். பின்தங்கிய ஒரு காரைக் கடக்கும்போது முன் வலது லாக் ஆகி, டயர் ஓரிடத்தில் தட்டையானது. அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் அதிர்வு கூடிக்கொண்டே போய், கடைசி லேப்பின் தொடக்கத்தில் முன் சஸ்பென்ஷன் உடைந்தது. வெற்றி அலோன்சோவுக்குப் போனது.

முன் இடது டயர் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது 2020 சில்வர்ஸ்டோன். ஆரம்பத்திலேயே சேஃப்டி கார் வந்ததால் பெரும்பாலானோர் ஹார்டு டயருக்கு மாறி, 52 லேப் பந்தயத்தில் கிட்டத்தட்ட 40 லேப்பை அந்த ஒரே செட்டில் ஓட்டினார்கள். கடைசிச் சில லேப்பில் போட்டாஸ், சைன்ஸ், ஹாமில்டன் மூன்று பேருக்கும் முன் இடது டயர் வெடித்தது. ஹாமில்டனுக்குக் கடைசி லேப்பிலேயே போனது. மூன்று டயரில் ஊர்ந்து வந்து, வெர்ஸ்டாப்பனுக்கு ஆறு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். சில்வர்ஸ்டோனும் வலச்சுற்றுதான், காப்ஸ், ஸ்டோ இரண்டுமே வேகமான வலப்பக்க வளைவுகள். பார்சிலோனாவில் உங்களை வதைக்கிற காரின் அதே மூலைதான் அங்கேயும் வதைபடும்.

இரவுலேப்

பிரியா அக்கா, மிக்க நன்றி. காலால் திருத்துவதைப் பழகிக்கொண்டிருக்கிறேன், கை தானாகத் திருப்பப் போகிறது. எல்லை தாண்டுவது ஓட்டும்போதே தெரிய வழி உண்டா? டெலிமெட்ரி எல்லாம் பிறகுதானே பார்க்க முடியும்.

தரவுக்காரன்

கையில் தெரியும். திருப்பத் திருப்ப ஸ்டீயரிங் கனமாகிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் கனம் கூடுவது நின்று மெல்ல இளக ஆரம்பிக்கும். ஸ்டீயரிங்கைத் தானாக நேராக்கப் பார்க்கிற விசை, டயரின் உச்சப் பிடிப்புக்குச் சற்று முன்பே குறையத் தொடங்குவதால் வருவது அது. கை இளகியதும் திருப்புவதை நிறுத்தினால் நீங்கள் நிற்பது கிட்டத்தட்ட உச்சத்தில். அதற்கு மேல் போனால் டயர் சத்தமும் மாறும், கீச்சென்ற ஒலி அரைக்கிற ஒலியாகும்.

ஆனால் இது தெரிய ஃபோர்ஸ் ஃபீட்பேக் (ஸ்டீயரிங் மோட்டார் கையில் தருகிற விசை) வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். கெயினை (அந்த விசையின் அளவை) அதிகம் வைத்தால் மோட்டார் வளைவு முழுக்க உச்சத்திலேயே நின்றுவிடும், கனம் கூடுவதும் தெரியாது, இளகுவதும் தெரியாது. திரையில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டை மூன்றாம் வளைவில் சிவப்பில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கெயினை இறக்குங்கள். கனமான ஸ்டீயரிங்தான் நிஜம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு வேண்டியது கனம் மாறுவது தெரிகிற ஸ்டீயரிங்.

நீள்சுற்று

கெயின் விஷயம் முழு உண்மை. நான் கெயினை இறக்கிய பிறகுதான் முன் வலது டயரின் பேச்சே எனக்குக் காதில் விழுந்தது.

கேம்பர்குமார்

எல்லாம் சரி. ஆனால் காரே அண்டர்ஸ்டியர் (திருப்பினாலும் மூக்கு வெளியே தள்ளுவது) ஆனால் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் முன் டயர்தான் முதலில் போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. எம்4இல் எஞ்சின் முன்னால் இருக்கிறது. பின் எஞ்சின் போர்ஷேயும் நுழையும்போது மூக்கை வெளியே தள்ளும்தான், ஆனால் அங்கே முன்னால் எடை இல்லாததால், பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே நுழைந்தால் அடங்கிவிடும். காருக்குக் கார் மருந்து வேறு.

தம்பி, ஓட்டும் விதத்தை மாற்றி முடித்த பிறகு அந்த உள், நடு, வெளி எண்ணைத் திரும்பப் போடுங்கள்.

இரவுலேப்

போடுகிறேன். செட்டப்பைத் தொடவே இல்லை, அதே டிராக் வெப்பநிலை, கெயின் மட்டும் குறைத்தேன். உள் 93, நடு 95, வெளி 97. பிரஷர் 27க்குக் கீழே நிற்கிறது. ஆரம்ப லேப்கள் இரண்டு மூன்று பத்தில் ஒரு பங்கு வினாடி மெதுவாகிவிட்டன. ஆனால் கடைசிப் பத்து நிமிடம் 1:45 நடுவிலேயே நிற்கிறது.

தரவுக்காரன்

8 டிகிரி 4 ஆகிவிட்டது. மிச்ச 4 குமாருடையது.

கேம்பர்குமார்

எடுத்துக்கொள்கிறேன். கேம்பர் மைனஸ் 3.6, முன் பார் ஒரு கிளிக் மென்மையாக, டோ கிட்டத்தட்ட நேராக. ப்ரீலோடை 20 நியூட்டன் மீட்டர் குறையுங்கள், ஆக்ஸிலரேட்டரை விடும்போது பின் அச்சு காரை நேராகப் பிடித்து வைப்பது குறையும், மூக்கு எளிதாகத் திரும்பும். பார் மென்மையானதால் கடைசி சிகேனில் (அடுத்தடுத்த இட, வல வளைவு) கார் இடம் மாறுவது கொஞ்சம் சோம்பலாக இருக்கும். அந்த இழப்பு இந்தப் பந்தயத்துக்குப் பரவாயில்லை.

பிட்லேன்பிரியா

ஒவ்வொன்றாக மாற்றுங்கள் தம்பி. ஒரு மாற்றம், அதே எரிபொருள், சில லேப், எண்ணைக் குறித்துக்கொள்வது, பிறகு அடுத்தது. முழு டேங்க்கோடும் ஒரு தடவை, கால் டேங்க்கோடும் ஒரு தடவை பாருங்கள். எடை குறையும்போது காரின் சமநிலை மாறும், தொடக்கத்தில் பிடித்த செட்டப் முடிவில் பிடிக்காமல் போகலாம்.

இரவுலேப்

நேற்று பந்தயம் முடிந்தது. ஒன்பதாம் இடத்தில் தொடங்கி ஐந்தில் முடித்தேன். முதல் கால் மணி நேரம் ஒருவரையும் கடக்க முயலவில்லை, மூன்றாம் வளைவில் ஒதுங்கியே ஓட்டினேன். இருபது லேப்புக்கு மேல் முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நான்காம் வளைவில் அகலமாகப் போக ஆரம்பித்தார்கள். கடக்கப் பெரிய சண்டை எதுவும் தேவைப்படவில்லை. முடியும்போது முன் இடதின் உள்விளிம்பு வெளியைவிட 3 டிகிரி கூடுதல், பிரஷர் 26.8.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. டேங்க் காலியாகும் கடைசிக் கட்டத்தில், ஐந்தாம் வளைவின் இறக்கத்தில் பிரேக்கை விடும்போது பின்பக்கம் லேசாக வெளியே வருகிறது. டயர் சூடு இல்லை, பின் டயர் இரண்டும் 90க்குக் கீழே. பயஸை முன்னால் கொண்டு போனால் பழையபடி முன் இடது சூடாகிறது.

கேம்பர்குமார்

பயஸைத் தொடாதீர்கள். குறைத்த ப்ரீலோடில் 10ஐத் திரும்ப ஏற்றுங்கள். அப்படியும் வந்தால் பின் பாரை ஒரு கிளிக் மென்மையாக்குங்கள், முன்னால் தொட வேண்டாம். செட்டப் கோப்பை இங்கே போடுங்கள், பின் ரைடு ஹைட்டையும் (தரையிலிருந்து காரின் உயரம்) பார்த்துச் சொல்கிறேன்.